கட்டைவிரல் வலிக்கு ஓர் எண்ணெய், அதைத் திறக்க ஒரு குறடு

பாட்டில் மூடியின் மேல் இரண்டு அம்புக்குறி இருக்கும். ஒன்று கீழே பார்க்கும், இன்னொன்று வளைந்து சுற்றும். அமுக்கிக்கொண்டே திருக வேண்டும் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். என் வீட்டின் சின்னப் பிள்ளைக்கு வயது 22. திறக்க முடியாமல் திண்டாடுவது 56 வயதான நான்.

எனக்கு வலி கட்டைவிரலின் அடி மூட்டில். அமுக்குவது, திருகுவது இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் அங்கே ஊசி இறங்கும். அந்த வலிக்காகத்தான் இந்தச் சிபிடி எண்ணெயை வாங்குகிறேன். 14 மாதமாகத் தினம் இரண்டு வேளை இந்தக் கூத்து நடக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பதால் குறடுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு, "வெளக்கு ரிப்பேருங்களா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை.

இப்போது இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஏற்காட்டில் எஸ்டேட் மேஸ்திரியாக இருக்கும் என் மச்சான். போன வாரம் போன் செய்தார். "மாப்பிள்ளை, நீங்க நாக்குக்கு அடியில விட்டுக்கிற எண்ணெய் விலை எறங்கிடுச்சாமே. எனக்கும் ஒண்ணு சொல்லிவிடுங்க. மேட்டுல ஏறி எறங்க முட்டி விடமாட்டேங்குது." விலை இறங்கியது உண்மை. 3,200 ரூபாய் இருந்த 30 மில்லி பாட்டில் இப்போது 2,400. அவருக்கு என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சிபிடி எண்ணெய் என்று இணையத்தில் தேடுகிறவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும், ஆகவே சுருக்கமாக. கஞ்சாச் செடியில் இருக்கிற பொருள்களில் ஒன்று கன்னாபிடியால், அதன் சுருக்கம்தான் சிபிடி. போதை ஏற்றுவது அதே செடியில் இருக்கும் டிஹெச்சி என்ற வேறொரு பொருள், இது அந்த வேலையைச் செய்யாது. நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத உரிமத்தோடு வரும் இலைச் சாறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் உள்ள நுனிப் பகுதியை. நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. மருத்துவரின் சீட்டு வேண்டும். நானும் ஆயுர்வேத மருத்துவரிடம் வீடியோவில் பேசி, சீட்டு வாங்கித்தான் ஆரம்பித்தேன். இதையெல்லாம் எதிர்வீட்டு அக்காவிடம் எடுத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "கஞ்சா எண்ணெயா கண்ணு?" என்று அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டதில் சட்டம், பிரிவு எல்லாம் அடிபட்டுப் போய்விட்டன.

34 வருடமாகக் கண்ணி கோர்த்த கை இது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து 'தேய்மானம்' என்று ஒரே வார்த்தையில் முடித்தார். டைக்ளோஃபினாக் மாத்திரை நன்றாகக் கேட்டது, ஆனால் ஆறு மாதத்தில் வயிறு எரிய ஆரம்பித்தது. அதை நிறுத்தச் சொன்னார்கள். அப்புறம்தான் இந்த எண்ணெய். போன வருடம் ஆடியில், கோட்டை மாரியம்மன் திருவிழாச் சமயம், முதல் பாட்டில் வந்தது.

சுவை? அருகம்புல்லை அரைத்து வேப்பங்கொட்டை எண்ணெயில் குழப்பியது போல் இருக்கும். நாக்குக்கு அடியில் ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் வீட்டில் யாராவது கட்டாயம் ஏதாவது கேள்வி கேட்பார்கள். முதல் வாரம் வயிறு கொஞ்சம் போனது, வாய் வறண்டது, பிறகு இரண்டும் சரியாகிவிட்டன. வெறும் வயிற்றில் எடுப்பதைவிடக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பில் சேர்வது பல மடங்கு கூடும். ஆகவே ராத்திரி தோசைக்குக் கொஞ்சம் நெய் கூடுதலாகக் கேட்க எனக்கு மருத்துவக் காரணம் கிடைத்தது. 14 மாதத்தில் இந்த எண்ணெய் தந்த சந்தேகமில்லாத லாபம் அந்த நெய்தான்.

அளவு விஷயத்தில் எனக்குத் தொழில்புத்தி எட்டிப் பார்த்தது. லேபிளில் 30 மில்லிக்கு 1500 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லியில் 50. சீட்டில் இருப்பதோ 'பத்துச் சொட்டு, இரண்டு வேளை'. சொட்டு என்றால் எவ்வளவு? சொட்டுக் குழாயில் கோடு இல்லை. பட்டறைத் தராசில் வைத்து 20 சொட்டை நிறுத்துப் பார்த்தேன். 0.57 கிராம். கிட்டத்தட்ட 0.6 மில்லி, 30 மில்லிகிராம் மருந்து. சரி என்று விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி நிறுத்தேன். 0.68. எண்ணெய் பட்டுப் பட்டு ரப்பர் குமிழ் இறுகிப்போயிருந்தது. அழுத்திப் பிதுக்கினால் பெரிய பெரிய சொட்டாக விழுகிறது. வெள்ளியில் இப்படி ஏறி இறங்கினால் வியாபாரி என்னைச் சந்தியில் நிறுத்திவிடுவார். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அந்தக் குமிழைப் பிதுக்கவும் கட்டைவிரல்தான் வேண்டும். மூட்டு வலிக்கென்று விற்கிற பொருளின் பாட்டிலை வடிவமைத்தவருக்கு ஒரு நாளாவது மூட்டு வலி வரட்டும் என்று கோபத்தில் ஒருமுறை சொல்லிவிட்டேன். இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

வலி குறைந்ததா என்பதற்கு வருகிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து குறைந்த மாதிரிதான் இருந்தது. காலையில் விரல்கள் விறைத்துக் கிடப்பது சீக்கிரம் இளகியது. தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில்கூட ஒரு மணி நேரம் விடாமல் கண்ணி கோர்க்க முடிந்தது. பட்டறையில் மூன்று பேருக்காவது சிபாரிசு செய்திருப்பேன்.

தை மாதம் சரக்கு இல்லை என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். வேறொரு கம்பெனியின் பாட்டில் கண்ணில் பட்டது. பாதி விலைக்கும் குறைவு, 1,450 ரூபாய். பெரிய பச்சை இலைப் படம், 'ஹெம்ப்' என்று கொட்டை எழுத்து, அதற்குக் கீழே 5000 மில்லிகிராம். என்னுடையதில் 1500தானே இருந்தது, இது மூன்று பங்கு வீரியம் என்று கணக்குப் போட்டேன். சீட்டுக்கூடக் கேட்கவில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 50 நாள் அதைக் குடித்தேன். "முன்னதைவிட இதுதான் நல்லாக் கேக்குது" என்று வீட்டில் சொல்லவும் செய்தேன்.

மகள் பார்மசி கடைசி வருடம் படிக்கிறாள். பொங்கலுக்கு அப்புறம் விடுதிக்குப் போனவள் மறுபடி வீட்டுக்கு வந்தபோது பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் எறும்பு சைஸில் இருந்ததைப் படித்தாள். "அப்பா, இது வெறும் வெத எண்ணெய்ப்பா." விதையில் கன்னாபிடியால் சொல்லும்படி இருக்காது என்றாள். செக்கில் ஆட்டி எடுக்கிற எண்ணெய், எள்ளெண்ணெய் மாதிரி. 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க அனுமதி தந்த பிறகு சந்தையில் நிறைய வந்துவிட்டதாம். 5000 மில்லிகிராம் என்பது எண்ணெயின் எடை. "அஞ்சு கிராம் எண்ணெய்னு போட்டா யாராவது வாங்குவாங்களாப்பா?"

அப்படியானால் 50 நாள் என் விரலுக்குக் கேட்டது என்ன?

அன்று ராத்திரி மகள் இன்னும் இரண்டு விஷயம் சொன்னாள். 2017இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்கும் 84 சிபிடி பொருள்களை வாங்கிப் பரிசோதித்திருக்கிறார்கள். லேபிளில் போட்ட அளவு உள்ளே சரியாக இருந்தது 31 சதவீதத்தில் மட்டும். இரண்டாவது எனக்கு நேராகவே விழுந்த அடி. டென்மார்க்கில் கை மூட்டுத் தேய்மானமும் சொரியாசிஸ் மூட்டு வாதமும் உள்ள 130 பேருக்கு மேல் எடுத்து, 12 வாரம், தினம் 20 முதல் 30 மில்லிகிராம் கன்னாபிடியால் ஒரு பாதிக்கும், மருந்தில்லாத மாத்திரை மறு பாதிக்கும் கொடுத்திருக்கிறார்கள். வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என் நோய், என் அளவு. நான் தராசில் நிறுத்துக் கண்டுபிடித்த அதே 30.

ஆய்வகத்தில் எலிக்கு வீக்கம் குறைவது வேறு கதை, அதைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள். மனிதர்களுக்குக் கன்னாபிடியால் கேட்கும் என்று உறுதியாக நிரூபணமானது சிலவகை வலிப்பு நோய்க்கு. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. அதன் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 10, 20 மில்லிகிராம். என் எடை 62. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 620இல் தொடங்கும். நான் குடிப்பது 30. அந்த அளவு கொடுக்கும்போது கல்லீரல் பரிசோதனையும் செய்துகொண்டே இருப்பார்கள் என்பதால், ஏற்றிக் குடிக்கலாமா என்ற யோசனையை மகள் முளையிலேயே கிள்ளிவிட்டாள்.

இவ்வளவுக்கும் பிறகு பழைய எண்ணெய்க்கே திரும்பினேன். காரணம் என் வீட்டுக்காரம்மா. நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. "அந்த ரெண்டு மாசம் நீங்க ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு நடந்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" எனக்கு ஞாபகமே இல்லை. யோசித்தால் உண்மைதான். முதல் எண்ணெய் ஆரம்பித்த பிறகு விடிகாலை ஐந்து வரை தூங்கினேன். விதை எண்ணெய்க் காலத்தில் பழையபடி முழிப்பு. வலி குறைந்ததாக நான் நம்பிக்கொண்டு இருந்தபோதும் தூக்கம் மட்டும் ஏமாறவில்லை. இலைச் சாற்றில் கொஞ்சம் டிஹெச்சியும் இருக்கிறது, லேபிளிலேயே போட்டிருக்கிறார்கள். தூக்கம் அதன் வேலையாக இருக்கலாம் என்பது மகளின் கட்சி. இருக்கட்டும். ராத்திரி வேளை எடுத்த பிறகு வண்டியைத் தொடுவதில்லை.

விரலுக்கு உண்மையில் உதவியது என்னவென்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பிசியோதெரபி செய்கிற தம்பி மாட்டிவிட்ட கட்டைவிரல் பட்டை. விலை 350 ரூபாய். மாட்டினால் மூட்டு அசையாமல் நிற்கிறது, வலி பாதியாகிறது. எட்டுப் பாட்டில் எண்ணெய்க்கு நான் கொடுத்தது 25,600.

மச்சானுக்கு வருகிறேன். அவருக்கு இதய வால்வு ஆபரேஷன் ஆகிப் பல வருடம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறார். மாதம் ஒருமுறை மலையிறங்கி, 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்குச் சேலம் வருகிறவர். கன்னாபிடியாலும் வார்ஃபரினும் கல்லீரலில் ஒரே வாசலுக்குப் போட்டி போடுகிறவை. வார்ஃபரின் ரத்தத்தில் தேங்கி, ஐஎன்ஆர் ஏறி, ரத்தக்கசிவு வரை கொண்டுபோய் விடலாம். இயற்கை மருந்து, பக்கவிளைவு கிடையாது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி அவருக்கு ஒரு பாட்டில் அனுப்பியிருந்தால் என் தங்கமான உறவு என்னவாகியிருக்கும்? உங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப நீங்க மட்டும் குடிப்பீங்களாக்கும்" என்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துத்தான் சமாதானம் செய்ய வேண்டும்.

மூட்டு வலிக்கு இதை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல பட்டை, வலிக் களிம்பு, நான்கு முறை பிசியோதெரபி. நான் விலை இறங்கிய அன்றே இரண்டு பாட்டிலுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன், மூன்று மணி முழிப்பு என்னவென்று அனுபவித்தவன் என்பதால்.

நேற்றுப் பார்சல் வந்தது. மூடி அதே மூடி. புதுசு என்பதால் குறடுக்கும் வழுக்குகிறது. மகள் ஊரில் இல்லை. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத்தான் திறந்தோம்.