மூன்று போடத் தயங்குகிறவர்கள்: மூடில் குறுந்தேர்வுகளோடு ஆறு ஆண்டுகள்

ஒரே தோட்டத்தில் பள்ளத்துத் தேயிலைச் செடி உறைபனியில் கருகிவிடுகிறது, மேட்டுச் செடி பச்சையாக நிற்கிறது. ஏன்? ஊட்டியில் நான் தாவரவியல் நடத்தும் வகுப்புக்கு ஒரு ஜனவரியில் இந்தக் கேள்வியைக் கொடுத்தேன். உயரம் கூடினால் குளிர் கூடும் என்று பள்ளியிலேயே படித்தவர்கள் பலர் கேள்வியே தவறு என்ற விடையைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் 'மூன்று' என்று, அதாவது விடையில் முழு உறுதி என்று, குறித்தார்கள். மஞ்சூர்ப் பக்கத்துத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவி சரியான விடையைத் தொட்டிருந்தாள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை வெப்பத்தை இழக்கிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆனால் அவள் குறித்திருந்தது 'ஒன்று', அதாவது உறுதியில்லை.

மறுநாள் கூப்பிட்டு, "இவ்வளவு சரியாக எழுதிவிட்டு ஏனம்மா ஒன்று போட்டாய்?" என்று கேட்டேன். "பார்த்திருக்கிறேன் மேடம். படித்ததில்லை" என்றாள்.

மூடிலைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு இருக்கும் காரணம் அந்த ஒரு பதில்தான். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கி, 2002-இல் முதல் பதிப்பாக வெளியிட்ட இந்தக் கற்றல் மேலாண்மை மென்பொருள் கட்டற்றது, உரிமக் கட்டணம் கிடையாது. பாடக் குறிப்பு ஏற்றலாம், ஒப்படைப்பு வாங்கலாம், கலந்துரையாடலாம். இவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பலர் கண்ணில் படாமல் குறுந்தேர்வு அமைப்புகளுக்குள் கிடக்கும் உறுதிநிலை மதிப்பெண் முறையைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் டோனி கார்ட்னர்-மெட்வின் வளர்த்தெடுத்த முறை இது. மாணவர் விடையோடு சேர்த்து, அந்த விடையில் தமக்கு எவ்வளவு உறுதி என்பதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்ல வேண்டும். விடை சரியென்றால் சொன்ன எண்ணே மதிப்பெண். தவறென்றால் ஒன்றுக்கு இழப்பில்லை, இரண்டுக்கு இரண்டு குறையும், மூன்றுக்கு ஆறு குறையும்.

ஆறு என்றால் கொடுமையாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயம் புரியும். சரியாக இருக்கும் வாய்ப்பு 67 சதவீதத்துக்குக் கீழே என்று தோன்றினால் ஒன்று போடுவது லாபம், 80 சதவீதத்துக்கு மேலே என்றால் மூன்று, இடையில் இரண்டு. உள்ளதை உள்ளபடி சொல்கிறவருக்கே அதிக மதிப்பெண் வரும்படி எண்கள் அமைந்திருக்கின்றன. வீறாப்புக்கும் பலனில்லை, அளவுக்கு மீறிய அடக்கத்துக்கும் பலனில்லை. என் மாணவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முழுதாக ஒரு வகுப்பு நேரம் ஆகிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஒரு மணி நேரத்தைத் தயங்காமல் செலவிடுகிறேன்.

முதல் பருவத்தில் நான் தவறு செய்தேன். விளக்கம் போதாமல் நேரடியாகத் தேர்வில் வைத்தேன். நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் மூன்று மூன்றாகப் போட்டு, மொத்தம் சுழியத்துக்குக் கீழே போய், இரண்டு வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு முதல் மூன்று தேர்வுகளைப் பயிற்சி என்றே அறிவித்துவிடுகிறேன். அகமதிப்பீட்டில் இந்த மதிப்பெண்ணை இதுவரை சேர்த்ததில்லை, இனியும் சேர்க்க மாட்டேன். சேர்த்தால் உண்மையைச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. நடைமுறைச் சிக்கலும் உண்டு: எல்லாக் கேள்விக்கும் சரியாக விடையளித்து மூன்று போட்டவருக்கு மூடில் 300 சதவீதம் என்று காட்டும். அந்த எண்ணோடு எந்த மதிப்பெண் பட்டியலையும் அலுவலகத்தில் கொடுக்க முடியாது.

இனி மலை. சிக்னலை நம்பி இங்கே எதையும் திட்டமிட முடியாது. 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய வாரத்தில், எங்கள் மாணவர்களில் பாதிப் பேரைத் தொலைபேசியில்கூடப் பிடிக்க முடியவில்லை. மூடிலின் கைபேசிச் செயலியில் தேர்வை இறக்கி வைத்துக்கொண்டு, இணையமில்லாமல் எழுதி, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடலாம். ஆசிரியர் தேர்வு அமைப்பில் அதற்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நேர வரம்பு வைத்த தேர்வை அப்படி எழுத முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் உடனுக்குடன் விளக்கம் தரும் வகைத் தேர்வையும் எழுத முடியாது. கடைசியில் மொத்தமாகத் திருத்தும் வகை மட்டுமே இணையமின்றி நடக்கும். உடனடி விளக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்த வசதி என்பதால் இது பெரிய இழப்பாக இருந்தது. நல்லவேளையாக உறுதிநிலை முறை, மொத்தமாகத் திருத்தும் வகையோடு சேர்ந்து இயங்கும். நான் அதன் பக்கம் போனதே இந்த நெருக்கடியால்தான்.

காலக்கெடுவை நள்ளிரவில் வைப்பதை இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டேன். பதிவுகளைப் பார்த்தால் காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் விடைகள் சரசரவென்று வந்து சேர்ந்திருக்கும். பஸ் ஏதோ ஒரு வளைவைத் தாண்டிச் சிக்னலுக்குள் வரும் நேரம் அது. இப்போது காலக்கெடு காலை பத்து மணி. ஒப்படைப்புகளில் 'கடைசி நாள்' வேறு, 'இதற்குமேல் ஏற்பதில்லை' என்பது வேறு. மூடிலில் இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் விட்டுவைப்பேன். தாமதம் என்று குறிப்பு விழும், ஆனால் கதவு மூடாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் மொழிப் பொதி அரைகுறை. ஒரு பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் மாறிமாறி வரும். உறுதிநிலைக்கான சொற்களை நிர்வாகக் கணக்கில் போய் நானே மாற்றினேன்: 'உறுதியில்லை', 'ஓரளவு உறுதி', 'நிச்சயம்'. அமைப்புப் பக்கங்களின் நீளத்தைப் பார்த்தே பாதி ஆசிரியர்கள் ஓடிவிடுகிறார்கள். எங்கள் சேவையகக் கணினி முதலில் ஆய்வகத்தின் மூலையில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப்போய் வந்ததில் அதன் வன்தட்டு செத்து, ஒரு பருவம் முழுக்க எழுதிச் சேர்த்த கேள்வி வங்கி அதோடு போயிற்று. மூடிலே பாடத்தை முழுவதுமாக ஒரே கோப்பாகப் பிரதியெடுத்துத் தரும். அதை நாங்கள் யாரும் எடுத்து வைக்கவில்லை. இப்போது வாடகைச் சேவையகத்தில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலையில் நானே பிரதியை இறக்கி வைக்கிறேன்.

சக ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் என்மேல் விழுந்தது. இரண்டு நாள் பயிலரங்கம் வைத்தோம். சான்றிதழ் வாங்கிக்கொண்டு எல்லாரும் போனார்கள், அடுத்த மாதம் ஒருவர்கூட ஒரு தேர்வுகூட வைக்கவில்லை. பிறகு வேறு வழிக்கு மாறினேன். யாருக்கு எந்தப் பாடம் மாணவர்களிடம் எடுபடவில்லையோ, அவரிடம் போய் உட்கார்ந்து, அந்தப் பாடத்துக்கு மட்டும் ஐந்து கேள்விகளைச் சேர்ந்து எழுதுவேன். ஒரு டீ குடிக்கும் நேரத்தை விடக் கொஞ்சம் அதிகமாகும். வணிகவியல் துறையில் ஒருவர், தேய்மானம் பற்றிய பாடத்தில் தம் மாணவர்கள் எதை உறுதியாகத் தவறாக நம்புகிறார்கள் என்று திரையில் பார்த்த அன்றே, அடுத்த நாள் வகுப்பை மாற்றி அமைத்தார்.  ஆசிரியர் அப்படி மாறுவதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகங்கள் செலவுக் கணக்கில் எழுத வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மின்சாரம் இல்லாத நாளில் கணினியே வேண்டாம். நோட்டில் விடையை எழுதி, பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் எண்ணை எழுதச் சொல்கிறேன். கையெழுத்தில் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. சில பிள்ளைகள் முதலில் மூன்று எழுதி, அடித்துவிட்டு, இரண்டு என்று திருத்தியிருப்பார்கள். திரையில் அந்த அடித்தல் தெரியாது. இப்படித் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் தோட்டங்களிலிருந்தும் படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் வரும் பெண்பிள்ளைகள், பெரும்பாலும் அவர்கள் விடை சரி. மூடில் அறிக்கையில் சரியான விடை விகிதத்தையும் உறுதியையும் தனித்தனியாகப் பார்க்க முடிவதால், யார் படிக்க வேண்டும், யார் தன்னை நம்ப வேண்டும் என்று பிரித்துப் பேச எனக்கு வழி கிடைக்கிறது. வெறும் மதிப்பெண் இந்த இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடும்.

அந்த மஞ்சூர் மாணவிக்கு மூன்று போட வர இரண்டு பருவங்கள் ஆயின. இறுதியாண்டில் உறைபனி பற்றி எங்கள் கேள்வி வங்கிக்கு அவளே நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தாள். ஒன்று, காய்ந்த புல்லையும் பெரணித் தழையையும் செடிமேல் போட்டு மூடுவது எப்படிக் காப்பாற்றுகிறது என்பது. தவறான விடைகளில் ஒன்றாக, 'தழை செடிக்குச் சூட்டை உண்டாக்கிக் கொடுக்கிறது' என்று வைத்திருந்தாள். வீட்டில் சின்ன வயதில் தான் அப்படித்தான் நினைத்திருந்ததாகச் சொன்னாள். செடியும் தரையும் இழக்கும் வெப்பம் வெளியே போகாமல் தழை தடுக்கிறது என்பதே சரியான விடை. இந்த ஜனவரியிலும் அந்தக் கேள்வியை வைத்தேன். அவளுடைய பழைய விடையைத் தேர்ந்தெடுத்து மூன்று போட்டவர்கள் நிறையப் பேர்.