ஸ்கேல் வொர்க்‌ஷாப்: பல்சுரத் தொகுதிகளைக் காதால் சோதிக்க ஓர் இலவசக் கருவி

ஒரு ஸ்தாயியில், அதாவது சட்ஜம் முதல் மேல் சட்ஜம் வரை, 22 சுருதிகள் உண்டு என்று படித்திருக்கிறோம். மேற்கத்திய இசையியலில் 31, 43, 53 எனச் சுரங்களைப் பெருக்கியவர்கள் இருக்கிறார்கள் என்றும் அறிந்திருக்கிறோம். ஆனால் அவற்றைக் காதால் கேட்டு ஒப்பிட்டவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க இன்று கிடைப்பவற்றுள் எளிமையானது ஸ்கேல் வொர்க்‌ஷாப் என்பது என் கருத்து. சீவிஷ் என்ற பெயரில் மின்னணு இசை அமைக்கும் பிரிட்டன் கலைஞர் ஷான் ஆர்ச்சிபால்ட் தொடங்கிய இந்தக் கருவி, இப்போது திறமூல மென்பொருளாக வளர்ந்து வருகிறது. இணைய உலாவியிலேயே இயங்குகிறது. கட்டணமும் இல்லை, பதிவும் தேவையில்லை.

பயன்படுத்தும் முறை மிக நேரானது. ஒரு பெட்டியில் வரிக்கு ஒரு சுரமாக எழுத வேண்டும். 3/2 என்று எழுதினால் விகிதம், புள்ளியோடு 701.955 என்று எழுதினால் சென்ட், அதாவது ஸ்தாயியை 1200 நுண்பகுதிகளாக்கிய அளவு. கடைசி வரியில் 2/1 என்று மேல் சட்ஜத்தை எழுதி, ஆதார சட்ஜத்தின் அதிர்வெண்ணைக் கொடுத்துவிட்டால், கணினியின் தட்டச்சுப் பலகையே வாத்தியமாகிவிடும். சம இடைவெளிகள் வேண்டுமானால் எண்ணைக் கொடுத்தால் போதும். பட்டியலைக் கருவியே எழுதித் தந்துவிடுகிறது.

நான் சட்ஜத்தை 240 ஹெர்ட்ஸில் வைத்துச் சோதித்தேன். தூய பஞ்சமம் அப்போது 360 ஹெர்ட்ஸ். பஞ்சமம் சற்றே விலகினாலும், சட்ஜத்தின் மூன்றாம் மேற்சுரமும் (அதாவது அதன் அதிர்வெண்ணின் மும்மடங்கும்) பஞ்சமத்தின் இரண்டாம் மேற்சுரமும் ஒன்றோடொன்று மோதி விம்மல்களை, அதாவது ஒலி ஏறி இறங்கும் துடிப்புகளை, எழுப்பும். ஆகவே ஒலியலை வகையில் சைன் அலையைத் தவிர்த்து ரம்பப்பல் அலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். மேற்சுரமே இல்லாத சைன் அலையில் தவறான சுருதியும் நல்லதுபோல் ஒலித்துவிடும். இரண்டு சுரங்களையும் சேர்த்துப் பிடித்து விம்மல்களை எண்ணுவதே இந்தக் கருவியின் மிகப் பெரிய பயன்.

முதலில் 22 என்ற எண்ணைச் சம இடைவெளிப் பெட்டியில் இட்டுப் பார்க்கலாம். பலரும் நம் சுருதிகளை இப்படித்தான் கற்பனை செய்கிறார்கள். ஒரு படி 54.5 சென்ட் ஆகிறது; பஞ்சமத்துக்கு மிக அருகில் வருவது 13ஆம் படி, 709.1 சென்டில். தூய பஞ்சமத்தைவிட 7 சென்ட் கூடுதலான இது நொடிக்கு ஏறத்தாழ மூன்று விம்மல்களைத் தருகிறது. தம்புராவோடு பழகிய எந்தக் காதும் இதை ஏற்காது. சுருதிகள் சமமானவை அல்ல. இன்று பெரிதும் வழங்கும் விகிதப் பட்டியலில் மூன்று அளவு இடைவெளிகள் மட்டுமே மாறி மாறி வருகின்றன: 256/243, 25/24, 81/80, சென்டில் 90.2, 70.7, 21.5. அந்தப் பட்டியலை 256/243, 16/15, 10/9, 9/8 என்று தொடங்கி வரிவரியாக எழுதியபின் பஞ்சமமும் (3/2) அந்தர காந்தாரமும் (5/4) அசையாமல் நிற்கின்றன. சிலப்பதிகார உரையாசிரியர்கள் குரல் முதல் தாரம் வரையான பழந்தமிழ் ஏழு சுரங்களுக்கு 4, 4, 3, 2, 4, 3, 2 எனப் பங்கிட்டுக் கூட்டும் 22 அலகுகளையும் இதன் அருகில் வைத்துச் சோதிக்க முடிகிறது என்பது தமிழ் இசை ஆய்வில் ஈடுபட்டவர்களுக்குத் தனி மகிழ்ச்சி தரும்.

பட்டியலைச் சுழற்றும் வசதியை நம்மவர்கள் கிரக பேதம், அதாவது வேறொரு சுரத்தைச் சட்ஜமாக்குவது, என்றே புரிந்துகொள்ளலாம். 27/20 என்ற மத்தியமத்தைச் சட்ஜமாக்கினால் அதற்குரிய தூய பஞ்சமம் 22இல் எங்கும் இல்லை. அருகில் இருப்பது 680 சென்டில் கிடக்கிறது. தூய விகிதங்கள் ஓர் ஆதார சுருதிக்குத்தான் விசுவாசமானவை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சொற்பொழிவும் எனக்கு விளக்கியதில்லை.

1917இல் தஞ்சையில் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், 22ஐ மறுத்து, 24 சம சுருதிகளை நிலைநாட்ட முயன்றார். அவர் உழைப்பின் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனாலும் 24 சம பகுதிகளில் பஞ்சமம் பியானோவில் உள்ள அதே 700 சென்டில்தான் நிற்கிறது. அந்தர காந்தாரமும் தூய 386.3க்குப் பதிலாக அதே 400தான். 12ஐ இரட்டித்ததால் இவ்விரண்டும் சிறிதும் திருந்தவில்லை. 240 ஹெர்ட்ஸ் சட்ஜத்தோடு அந்தக் காந்தாரத்தைப் பிடித்தால் நொடிக்கு ஒன்பதுக்கு மேல் விம்மல்கள் கேட்கின்றன.

இந்தக் காந்தாரத்தைத் திருத்தப் பிறந்ததுதான் 31. ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 17ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுக் காட்டிய இந்தப் பகுப்புக்கு, அதே நாட்டின் இயற்பியலாளர் அட்ரியான் ஃபாக்கர் 1950இல் ஹார்லெம் நகரின் டைலர்ஸ் அருங்காட்சியகத்தில் ஓர் ஆர்கனையே அமைக்கச் செய்தார். அது இப்போது ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. 31இல் காந்தாரம் 387.1 சென்ட், இரண்டு நொடிக்கு ஒரு விம்மல் என்ற அளவுக்கு அடங்கிவிடுகிறது. 7/4 என்ற இயற்கை நிஷாதமும் ஒரு சென்ட் வேறுபாட்டில் கிடைக்கிறது. விலை கொடுப்பது பஞ்சமம்: 5 சென்ட் குறைகிறது. அதைவிட முக்கியமானது, 10/9, 9/8 என்ற இரண்டு ரிஷபங்களும் 31இல் ஒரே சுரமாகக் கரைந்துவிடுவது. சுரங்கள் 22ஐவிட ஒன்பது அதிகம். ஆயினும் 22இல் இருந்த வேறுபாடு இங்கே இல்லை. எத்தனை சுரம் என்பதைவிட எங்கே நிற்கும் சுரம் என்பதே கேள்வி என்று இந்த ஒரு சோதனை உணர்த்துகிறது.

53க்கு வந்தால் அந்த வேறுபாடு திரும்பக் கிடைக்கிறது. ஒரு படி 22.6 சென்ட், ரிஷபங்கள் 8ஆம், 9ஆம் படிகளில் தனித்தனியே நிற்கின்றன. பஞ்சமத்தின் பிழை ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு விம்மலுக்கு அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மேலே சொன்ன 22 சுருதிகளில் எதுவும் 1.6 சென்டுக்கு மேல் விலகுவதில்லை. துருக்கிய இசையியல் முழுத்தொனியை (9/8 இடைவெளியை) கோமா எனப்படும் ஒன்பது நுண்படிகளாகப் பிரிப்பதற்கும் அடிப்படை இதே 53தான். எனக்கு மிகவும் பிடித்த பகுப்பு இதுவே.

அமெரிக்கரான ஹாரி பார்ட்ச்சின் 43 சுரத் தொகுதி வேறு வகை. சம இடைவெளியே இல்லாமல், 11 வரையுள்ள பகா எண்களை மட்டுமே காரணிகளாகக் கொண்ட விகிதங்களால் ஆனது, படிகள் 14.4 சென்ட் முதல் 38.9 சென்ட் வரை மாறுகின்றன. இதை முழுதாக எழுதிக் கேட்டேன். 11/8, 11/9 போன்ற சுரங்கள் நம் காதுக்கு அந்நியமானவை, ஆனால் அழகானவை.

குறைகளையும் சொல்ல வேண்டும். தட்டச்சுப் பலகையில் 31 சுரங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு ஸ்தாயியிலேயே பலகை ஏறத்தாழ முடிந்துவிடும். கிடையாக 5 படி, மேல் வரிசைக்கு 3 படி என்று அமைப்பை மாற்றினால், வலப்புறம் மூன்று விசை, மேலே ஒன்று தள்ளிப் பஞ்சமம் வந்துவிடும். இதைப் புதியவர் தாமாகக் கண்டுபிடிப்பது கடினம். மின்னணு வாத்தியங்களை இணைக்கும் மிடி முறையில் 128 விசை எண்கள்தான் உண்டு என்பதால் 53 சுரங்களை நேராக அடுக்கினால் இரண்டரை ஸ்தாயிகூடக் கிடைக்காது. இது கருவியின் குற்றமன்று. சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கும் இங்கே இடமில்லை. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதே இல்லை. நிலையான சுரங்களைக் கொண்டு அதைத் தேடுகிறவர் ஏமாற்றமே அடைவார். ராகத்தை ஆராய அன்றி, தம்புரா சுருதிக்கு எதிரே ஓர் இடைவெளியை அளந்து கேட்கவே இது ஏற்றது.

செய்த தொகுதியை வேறு சிந்தசைசர்களில் ஏற்ற விரும்புவோர், சுரத் தொகுதிகளைப் பதிவதற்கான ஸ்காலா வடிவக் கோப்புகளாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். அப்போது எஸ்.சி.எல். கோப்போடு கே.பி.எம். கோப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். முதலாவதில் இடைவெளிகள் மட்டுமே இருக்கும். சட்ஜம் எந்த விசையில், எந்த அதிர்வெண்ணில் என்பது இரண்டாவதில்தான் இருக்கிறது.