வஸ்தோக், வில்லன்ஸ்: பனிக்கு அடியில் இரு ஏரிகள்

கிழக்கு அண்டார்க்டிகாவின் வஸ்தோக் ஏரிக்கு மேல் ஏறத்தாழ 4 கி.மீ. தடிமனுள்ள பனி கிடக்கிறது. அந்த அழுத்தத்தில் நீரின் உறைநிலை சுமார் மைனஸ் 3 டிகிரிக்கு இறங்கிவிடுவதாலும், பூமியின் உள்வெப்பம் எளிதில் வெளியேறாதபடி பனியே கம்பளிபோல் போர்த்தியிருப்பதாலும், 1983இல் மேற்பரப்பில் மைனஸ் 89.2 டிகிரி பதிவான அதே இடத்தின் அடியில் நீர் உறையாமல் நிற்கிறது. ஒருபுறம் பனியின் அடிப்பகுதி உருகி ஏரியில் சேர, மறுபுறம் ஏரிநீர் அதே பனியின் அடியில் உறைந்து ஒட்டிக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. இந்த வரவுசெலவு மிக மெதுவானது.

மேற்கு அண்டார்க்டிகாவின் வில்லன்ஸ் ஏரியோ நிலையில்லாதது. அங்கே பனி 800 மீட்டர்தான். 2013 ஜனவரியில் வெந்நீரால் துளையிட்டபோது நீரின் ஆழம் சுமார் 2 மீட்டரே இருந்தது. மேட்டுப்புறத்தில் பனியின் அடியில் உருகி வரும் நீரால் நிரம்பி, சில ஆண்டுகளில் அது வடிந்துவிடுகிறது. அதற்கேற்ப மேலுள்ள பனிப்பரப்பு உயர்ந்து தாழ்வதைச் செயற்கைக்கோள்கள் அளந்திருக்கின்றன.

பெயரும் பரப்பும் வஸ்தோக்குக்கே உரியவை. ஆயினும், 2012இல் ரஷ்யர்கள் அதை எட்டிய துளையில் நிரம்பியிருந்த மண்ணெண்ணெய் மாதிரிகளை மாசுபடுத்தியதால், அங்கு உயிர் உண்டா என்ற வாதம் நீள்கிறது. வில்லன்ஸின் நீரிலோ நுண்ணுயிர்கள் தெளிவாகவே கிடைத்தன. பனி கடலை நோக்கி வழுக்கும் விதத்தை ஆராயவும் இந்தச் சிறிய ஏரியே கூடுதலாக உதவும் என்பது என் கருத்து.