பல்ஸ் ஆக்சிமீட்டர்: ஐந்துக்கு மூன்றரை

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வாங்கியது. விலை இரண்டாயிரத்துச் சொச்சம். பில் கேட்டேன். "பில்லு போட்டா இன்னும் கூடும் தாயி, நாளைக்கு வந்தா இதுவும் இருக்காது" என்றார் கடைக்கார அண்ணாச்சி. வாய் பேசாமல் வாங்கி வந்தேன்.

கருவியில் குறை சொல்ல அதிகமில்லை. விரலை நுழைத்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற எண் கொஞ்ச நேரத்தில் நிலைத்துவிடும், எழுத்தும் பெரிது. என் மாமியாருக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று வேளையும் பார்த்து நோட்டில் எழுதினோம். உட்கார்ந்திருக்கும்போது 96. பட்டாசலில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தால் 93. அன்று ராத்திரி டாக்டர் போனில் சொன்னபடி குப்புறப் படுக்கவைத்தோம், மெல்ல ஏறியது. "என்ன தாயி, பாஸா பெயிலா?" என்று அத்தை விரலை நீட்டிக்கொண்டே கேட்பார்கள். அந்த ராத்திரிக்கே கொடுத்த காசு தகும்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது பெட்டியில் அச்சடிக்காத விஷயத்துக்காக. நகப்பூச்சு இருந்தாலோ விரல் ஜில்லிட்டிருந்தாலோ எண் தப்பும், அது பலருக்கும் தெரியும். தோல் கறுப்பாக இருந்தால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரிலேயே எழுதிவிட்டார்கள்: ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை இந்தக் கருவி தவறவிடுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம்ம ஊர் வெயிலில் விளைந்த விரலுக்கு இதைச் சொல்லாமல் விற்கலாமா? எண் நன்றாக இருந்து மூச்சு வாங்கினால், மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொரு அரை நட்சத்திரம் பேட்டரி மூடிக்கு. நகம் உடைந்துபோகும்.

விலைக்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. நான் வாங்கும்போது ஜிஎஸ்டி 12 சதவீதம். அதை 5 ஆகக் குறைத்தது ஜூன் 12-ஆம் தேதி. வியாபார லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது ஜூலையில். ஒரு நாளைக்கு நாலு லட்சம் பேருக்குத் தொற்று என்று நாடு தவித்தது மே முதல் வாரத்தில்!

இத்தனைக்கும் தொற்றுநோயைச் சமாளிக்க நாடுகளின் தயார்நிலைக்கு மார்க் போட்டு 2019 அக்டோபரிலேயே ஒரு பட்டியல் வந்திருந்தது, உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு என்று. 195 நாடுகளில் இந்தியா 57. முதலிடம் அமெரிக்காவுக்கு, நூற்றுக்கு 83.5. அங்கே 2022 மே மாதத்துக்குள் பத்து லட்சம் பேர் இறந்துபோனார்கள். 50-ஆவது இடத்து வியட்நாமில் 2020 ஜூலை கடைசி வரை ஒரு சாவுகூட இல்லை. எந்த நாடும் முழுத் தயாராக இல்லை என்று பட்டியல் போட்டவர்களே எழுதியிருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மார்க்கும் இந்தக் கருவி காட்டும் எண் மாதிரிதான். எண் இறங்கினால் யார் ஓடிவருவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று அதில் வராது.

அந்த மே மாதம் எங்கள் பக்கம் ஓடிவந்தவற்றில் ஒன்று மகேந்திரகிரி இஸ்ரோ மையத்து டேங்கர். ராக்கெட் எஞ்சினுக்கு வைத்திருந்த திரவ ஆக்சிஜன் தமிழ்நாட்டு, கேரளத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. பணகுடி வழியாகப் போகும்போதெல்லாம் தூரத்தில் பார்த்த மலைதான். நோயாளிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று யார் நினைத்தது?

சரி, இப்போது வாங்குகிறவர்களுக்கு. விலை நன்றாக இறங்கிவிட்டது, பில்லோடு வாங்குங்கள். வெறும் எண் மட்டும் காட்டுவது வேண்டாம். துடிப்பைக் கோடாகவும் காட்டும் திரை இருக்கட்டும். கோடு சீராக ஓடும்வரை எண்ணைக் குறிக்காதீர்கள். பார்த்து முடித்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். என் கொழுந்தன் வீட்டில் சும்மா கிடந்த கருவி பேட்டரி கசிந்தே வீணாய்ப் போனது.