டர்பனில் மகனின் பேச்சை அளந்தபோது

திருமணமாகிச் சென்னைக்கு வந்து 12 ஆண்டுகள் கழித்து, சென்ற ஜூலையில் பிறந்த ஊரான தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய், அங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் ஆயாவின் (பாட்டியின்) வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தோம். என் மகனுக்கு அப்போது நான்கு வயது முடிந்து நான்கு மாதம். அவன் பேசுவது எனக்கு முழுதாக விளங்கும். அதுவரை அவனை நேரில் பார்த்திராத ஆயாவுக்கோ பாதிகூட விளங்கவில்லை. “என்னம்மா சொல்லுது புள்ள?” என்று அவர் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் அவனுக்கு நானே மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறேன் என்பது உறைத்தது. நான்கு வயதில் பேச்சு அந்நியருக்கும் பெரும்பாலும் புரிந்தாக வேண்டும் என்று ஆசிரியையான அக்கா பிடிவாதமாகச் சொன்னாள்.

முதலில் போன தனியார் மருத்துவ நிலையத்தில் இருபது நிமிடம், டிக் அடிக்க ஒரு தாள், முடிவில் ‘பேச்சு அப்ராக்சியா’ என்று ஒரு வரி, செவித்திறனைக்கூடச் சோதிக்கவில்லை. நாக்குக்கும் உதட்டுக்கும் வலு இருந்தும், ஒலிகளை வரிசையாக எழுப்பும் அசைவுத் திட்டத்தை மூளை வகுக்கத் தடுமாறுவது அப்ராக்சியா. தசையே தளர்ந்தோ இறுகியோ பேச்சு குழறுவது டிசார்த்ரியா. இரண்டும் இல்லாமல், ஒலிகளை ஒழுங்குபடுத்திக்கொள்வதில் மட்டுமே பின்தங்கும் குழந்தைகள் பலர். அத்தனையையும் இருபது நிமிடத்தில் பிரித்தறிந்த துணிச்சலை என்னவென்று சொல்வது!

அடுத்துப் பார்த்த பேச்சு சிகிச்சையாளர், தமக்குத் தமிழ் தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லி, ஆயாவையும் அழைத்து வரச் சொன்னார். (தென்னாப்பிரிக்காவில் இத்தொழிலுக்குச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு கட்டாயம், அதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.) செவி சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே மற்றவை தொடங்கின. ‘ஆ’ என்று மூச்சு முட்ட இழுக்கச் சொன்னார். ‘பபப’, ‘தததா’ என்று வேகமாகச் சொல்லவைத்து, பிறகு ‘ப-த-க’ என்று கலந்து சொல்லச் சொன்னார். தனித்தனியாக ஓடிய நாக்கு, கலந்தபோது நான்காவது சுற்றில் இடறியது.

பேச்சுக் குறைபாட்டு ஆய்வாளர் பார்பரா டாட் வகுத்த முறையில் 25 சொற்களை இடைவெளி விட்டு மும்முறை சொல்ல வேண்டும். படத்தைக் காட்டி ஆயா கேட்கக் கேட்க, பட்டாம்பூச்சி முதலில் ‘பத்தாப்பூத்தி’ ஆயிற்று, அப்புறம் ‘தப்பாப்பூச்சி’, கடைசியில் ‘பப்பாத்தூத்தி’. இப்படி 11 சொற்கள் மாறின. 40 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் நிலையற்ற பேச்சு என்பது கணக்கு. ஆனால் ஆயா மெதுவாகச் சொல்லிக்காட்டியபோது அவனுடைய உச்சரிப்பு நன்றாகத் திருந்தியது, உயிரொலிகள் பிசகவில்லை, பேச்சின் ஏற்ற இறக்கமும் இயல்பாக இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து அப்ராக்சியா என்ற முடிவுக்கு எதிராக நிற்கின்றன என்றார் சிகிச்சையாளர்.

எனக்கு மிகவும் பிடித்தது மெய்யொலிக் கணக்குதான். இயல்பான பேச்சைப் பதிவு செய்து, அதில் எத்தனை விழுக்காடு மெய்யொலிகள் சரியாக விழுந்தன என்று எண்ணும் இம்முறையை ஷ்ரிபர்க், குவியட்கோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1982-இல் வெளியிட்டனர். 85க்கு மேல் இலேசு, 50க்குக் கீழ் கடுமை. ஆங்கிலத்தில் என் மகனுக்கு 61 வந்தது, ஆயாவுடன் தமிழில் 74. ‘ஸ்பூன்’, ‘ஸ்ட்ரா’ போலச் சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் நெருக்கியடிக்கும் தொல்லை தமிழில் இல்லையே! அவன் ‘பளம்’ என்றதை நான் பிழைக்கணக்கில் சேர்க்கப் போனேன். வீட்டில் மற்றவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று அவர் கேட்டார். ஆயாவும் ‘பளம்’ என்றே சொன்னார். பென்சில் உடனே அந்த அடையாளத்தை அழித்தது.

தமிழ் எண்ணுக்குப் பக்கத்தில் இலேசு, கடுமை என எதையும் எழுத அவர் மறுத்துவிட்டார். அந்த எல்லைகள் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்து வகுக்கப்பட்டவையாம். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லி மதிக்கச் சொல்கிறது; சிகிச்சையாளரின் அலமாரியிலோ ஆங்கில, சூலு மொழிச் சோதனைகள்தான் இருந்தன. அறிக்கையோடு ஒலிப்பதிவையும் சொற்பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்துச் சென்னையில் அதே 25 சொற்களை, அவனைப் பழக்கமில்லாத ஒருவர் கேட்டு எண்ண வேண்டும். நான் எண்ணக் கூடாது என்பதை அறிக்கையில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்.