பழைய கணினிக்கு எந்த மென்பொருள்? ஒரு தொடக்கப் பள்ளியின் கணக்கு

எங்கள் பள்ளியின் இருப்புப் பதிவேட்டைத் திறந்தால் பெஞ்சு இருக்கும், பீரோ இருக்கும், கால் உடைந்த உலக உருண்டைகூட இருக்கும். 12 கணினிகளும் இருக்கின்றன. அவற்றுக்குள் என்ன ஓடுகிறது, யார் வாங்கியது, எந்தத் தேதி வரை செல்லும் என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது.

மேலூருக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவில் இருக்கும் உதவி பெறும் பள்ளி எங்களுடையது. ஒன்று முதல் ஐந்து வரை. கணினி ஆசிரியர் என்று தனியாக யாரும் இல்லை. நான் நான்காம் வகுப்பு எடுக்கிறேன்; வயரைக் கழற்றி மாட்டத் தெரியும் என்ற ஒரே தகுதியால் கம்ப்யூட்டர் அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினிகளை வாங்கித் தந்தார். ஐ3, நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம். ஹார்ட் டிஸ்க்கை அழித்துத்தான் கொடுத்தார்கள். டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் கொடுத்து 'ஓஎஸ் போட்டு', அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான விண்டோஸை ஏற்றி, எடுத்து வந்தோம். ஒரு வருடம் ஓடியது. அப்புறம் ஒரு காலையில் ஏழு திரைகளின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று, லைசென்ஸை உறுதிப்படுத்தச் சொல்லி, மங்கலாக எழுத்து வந்து நின்றது. "சார், கம்ப்யூட்டர் என்னமோ கேக்குது" என்றாள் ஒரு குட்டி.

தாளாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "எது சார் சல்லிசா வரும்?" நான் ஒப்பிட உட்கார்ந்தபோது விலை அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அடுத்த ஜூனில் இது என்ன ஆகும் என்பதுதான் என்னைக் குடைந்தது. ஜூனில் ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார், ஒருவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டு பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருக்கும். அதைத் தாண்டி எது நிற்கும்?

முதலில் முறையாக விண்டோஸ் வாங்குவது. ஆசிரியர்களுக்குப் பழக்கம், பிரிண்டர் பிரச்சினை இல்லை, ரிப்பேருக்கு மதுரையில் தெருவுக்கு ஒரு ஆள் உண்டு. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர். எங்கள் கணினிகள் வாசலிலேயே நின்றுவிடும். கல்வி நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு நீட்டிப்பு மலிவுதான்: கணினி ஒன்றுக்கு முதல் வருடம் ஒரு டாலர், அடுத்த வருடம் இரண்டு, மூன்றாம் வருடம் நான்கு. கேட்டதும் தாளாளர் முகம் மலர்ந்தது. ஆனால் அடியில் இருக்கும் விண்டோஸ் முறையாக வாங்கியதாக இருந்தால்தானே நீட்டிக்க முடியும்?

பள்ளிகளுக்கென்று மொத்தமாகத் தரும் சலுகை லைசென்ஸிலும் இதே முடிச்சு இருக்கிறது. விண்டோஸைப் பொறுத்தவரை அது மேம்படுத்தும் உரிமை மட்டும்தான். ஏற்கெனவே முறையான விண்டோஸ் இருந்த கணினிக்குத்தான் அது செல்லும். கணினியோடு சேர்ந்து வரும் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு போய்விடும். ஒன்று கெட்டால் அதன் கீயை, அதாவது லைசென்ஸ் எண்ணை, எடுத்து அடுத்ததில் போட்டுக்கொள்ள முடியாது. இது தெரியாமல் அசெம்பிள் செய்த கணினிகளுக்குச் சலுகை லைசென்ஸ் வாங்கிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் பள்ளிகள் உண்டு.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கீ கிடைக்குமே என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். அவற்றில் பல, எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்தக் கீயைப் பிரித்து விற்பவை. அது முடக்கப்படும் நாளில் மறுபடியும் அந்த மங்கலான எழுத்து வரும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவையும் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரையிலான அபராதத்தோடு நீதிமன்றம் நிறுத்திக்கொள்ளலாம். நீதிபோதனை வகுப்பு எடுக்கும் வாத்தியார்கள் இதை வாசித்துவிட்டு அப்படியே விட்டுவிட முடியவில்லை.

இரண்டாவது, ஸ்மார்ட் கிளாஸ் பேக்கேஜ். டை கட்டிய விற்பனையாளர் வந்து பெரிய திரையில் இதயம் துடிப்பதைக் காட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். பலகை 'இலவசம்', ஒரு பிள்ளைக்கு மாதம் இவ்வளவு என்று மூன்று வருட ஒப்பந்தம். திருமங்கலம் பக்கத்தில் என் நண்பர் வேலை பார்க்கும் பள்ளி இப்படி ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் பலகை பள்ளியில் தங்கியது, பாடங்கள் பூட்டிக்கொண்டன. அதற்கு முன்பே இன்னொரு கூத்து நடந்தது. கணக்கைத் தொடங்கும்போது ஆபீஸ் கிளார்க்கின் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் ஓடிபி திருப்பூருக்குப் போகும். இங்கிருந்து போன் போட்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்று விசாரித்து, எண்ணை வாங்கி, அப்புறம்தான் மூன்றாம் வகுப்புக்கு இதயம் துடிக்கும்.

பேக்கேஜில் தமிழ் வழிப் பாடம் என்று இருந்தது பெரும்பாலும் ஆங்கிலப் பாடத்துக்கு மேல் ஒட்டிய குரல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடு இருக்கிறது. 2017இல் தொடங்கிய திக்ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் அதைத் திறக்கலாம், செயலியில் இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் காட்டலாம். ஒரு ரூபாய் கிடையாது. பளபளப்புக் குறைவுதான். ஆனால் நம் பாடம், நம் பக்க எண்.

மூன்றாவது லினக்ஸ். விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச ஓஎஸ். நான் இதன் கட்சிக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் குறைகளிலிருந்து தொடங்குகிறேன். பல பள்ளிகளில் இருக்கும் பழைய சிறிய லேசர் பிரிண்டர் எங்களிடமும் உண்டு. லினக்ஸில் அதை வேலை செய்ய வைக்க இரண்டு சனிக்கிழமைகளைத் தொலைத்தேன். அது மசியவில்லை. பிள்ளைகள் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்சை ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லித்தர ஆசை. அதன் அதிகாரபூர்வ ஆஃப்லைன் பதிப்பு விண்டோஸ், மேக், குரோம்ஓஎஸ், ஆண்ட்ராய்டுக்கு உண்டு, லினக்ஸுக்கு இல்லை. பிரவுசரில்தான் திறக்க வேண்டும், அதற்கு இணையம் வேண்டும். அப்புறம் வினாத்தாள். எங்கள் டீச்சர்கள் பல வருடமாக வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகள் புதுக் கணினியில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். பழி லினக்ஸ் மேல் விழுந்தது. உண்மையில் அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படித்தான் தெரியும். எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் தெரிய உதவும் யூனிகோடுக்கு (ஒருங்குறி) மாறத் தமிழக அரசு ஆணை போட்டது 2010இல். எங்கள் அரையாண்டு வினாத்தாள் இன்னும் மாறவில்லை. எழுத்துருவும் ஒரு மென்பொருள்தான், அதற்கும் லைசென்ஸ் உண்டு என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. இரண்டு வார வேலை. முடித்தோம்.

இனி நல்லது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 4 ஜிபி ரேமில் முனகாமல் ஓடுகிறது. மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு. ஜிகாம்ப்ரி என்ற தொகுப்பு 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கானது. 2000இல் பிரான்சில் ஒருவர் தொடங்கியது. பெயரை உச்சரித்தால் பிரெஞ்சில் 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று கேட்குமாம். மவுஸ் பிடிப்பதிலிருந்து தராசில் எடை சமன் செய்வது வரை நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். டக்ஸ் பெயின்ட் 2002இல் வந்த வரைபலகை. ஒன்றாம் வகுப்பு அதை விட்டு எழுந்திருக்க மறுக்கிறது. முத்திரை குத்தும்போது வரும் சத்தத்துக்காகவே பாதிப் பேர் குத்துகிறார்கள். ஒரு கணினியைச் சரியாக அமைத்து, குளோன்சில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் கருவியால் அப்படியே மற்றவற்றுக்குப் பிரதி எடுத்தேன். ஒரு மாலையில் வேலை முடிந்தது.

இலவசம் என்றால் லைசென்ஸ் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த மென்பொருள்கள் பலவற்றுக்கும் உள்ள ஜிபிஎல் என்பது முறையான லைசென்ஸ். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், பென் டிரைவில் பிள்ளைகள் வீட்டுக்கும் கொடுத்துவிடலாம். எண்ண வேண்டியதில்லை, புதுப்பிக்க வேண்டியதில்லை. அடுத்த ஜூனில் நான் இல்லாவிட்டாலும் அது பூட்டிக்கொள்ளாது. நிர்வாகம் என்று பார்த்தால் எனக்கு இதைவிடப் பெரிய வசதி தெரியவில்லை.

ஆனால் நான் இல்லாவிட்டால் ரிப்பேர் யார் பார்ப்பது? இங்கேதான் கேரளம் நினைவுக்கு வருகிறது. கம்பம் தாண்டிக் குமுளி ஏறினால் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஓடுவது லினக்ஸ் போல யாரும் பயன்படுத்தி, பகிர்ந்துகொள்ளக்கூடிய சுதந்திர மென்பொருள். 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ், ஒன்று முதல் நான்கு வகுப்புக்குக் 'களிப்பெட்டி' என்று கணினிப் பாடநூல், சந்தேகம் கேட்க ஆள். நம் பக்கம் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. என் அக்கா மகன் முதல் வாரமே பாஸை அழித்து அந்த இடத்தில் சினிமா ஏற்றினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவனுக்கு யாரும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தரவில்லை.

நான்காவதாக, எல்லாவற்றையும் பிரவுசரிலேயே வைத்துக்கொள்வது. கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டுமே அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கு இலவசக் கணக்குகள் தருகின்றன. ஆசிரியர்களுக்கு நல்லதுதான். ஆனால் பள்ளிக்குச் சொந்த டொமைன், அதாவது இணைய முகவரி, வேண்டும். அதை வருடா வருடம் புதுப்பிக்க மறந்தால் கணக்குகள் அத்தனையும் ஆட்டம் கண்டுவிடும். பிள்ளைகளுக்குக் கணக்கு என்றால் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஈமெயில் எதற்கு? தள்ளிவிட்டேன்.

கடைசியில் எடுத்த முடிவு கொஞ்சம் கலப்படம்தான். 11 கணினிகளில் மின்ட். பன்னிரண்டாவது உதிரிப் பாகத்துக்கு. ஆபீஸுக்கு மட்டும் விண்டோஸ் உள்ளேயே போட்டு வந்த புதுக் கணினி ஒன்று வாங்கி, பில்லில் அந்த விண்டோஸைத் தனி வரியாக எழுதச் சொன்னோம். மசியாத பிரிண்டர் அதோடு நிம்மதியாக இருக்கிறது. ஸ்மார்ட் கிளாஸ் விற்பனையாளரிடம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பாடங்கள் திறக்கும் என்று எழுதிக் கொடுத்தால் பேசலாம் என்றேன். இன்னும் வரவில்லை.

இருப்புப் பதிவேட்டில் ஒரு புதுப் பக்கம் போட்டிருக்கிறோம். மென்பொருளின் பெயர், லைசென்ஸ் வகை, எத்தனை கணினிக்கு, பில் எண், முடியும் தேதி, யார் எண்ணுக்கு ஓடிபி. தலைமை ஆசிரியை ஒவ்வொரு வரியிலும் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கட்டத்துக்காகப் பள்ளியின் பெயரில் ஒரு சிம் வாங்கி, பழைய பட்டன் போனில் போட்டு, பீரோவில் வைத்தாயிற்று. அதற்கு மாதா மாதம் ரீசார்ஜ் யார் போடுவது என்பதை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறார் தாளாளர்.