சர்க்கரைவள்ளியில் ஒரு கார ஸ்டார்ட்டர்: ஓவனா, எண்ணெயா, தவாவா?

சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கக் காரசாரமாக ஏதாவது வேண்டும். கையில் இருப்பது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ஓவனில் சுடலாம், எண்ணெயில் பொரிக்கலாம், ஏர் ஃப்ரையரில் போடலாம், வேகவைத்துத் தவாவில் முறுகவிடலாம். எப்படிச் செய்தாலும் தட்டு காலியாகிவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் காரமும் உப்பும் முன்னால் நிற்க வேண்டும், இனிப்பு பின்னால் லேசாகத் தலைகாட்டினால் போதும் என்று நினைப்பவருக்கு இந்த நான்கு வழிகளும் ஒன்றல்ல.

பெரும்பாலும் மொறுமொறுப்பை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது இனிப்பை. பச்சைக் கிழங்கைக் கடித்துப் பாருங்கள், வெந்த கிழங்கின் இனிப்பு அதில் இருக்காது. மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கும் பீட்டா அமைலேஸ் என்ற நொதி கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. சூடேறி மாவுச்சத்து குழையத் தொடங்கும்போது, ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை, அது மும்முரமாக வேலை செய்யும். 80ஐத் தாண்டினால் மெல்ல ஓய்ந்துவிடும். கிழங்கின் நடுப்பகுதி அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அந்த அளவுக்கு இனிப்பு கூடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த முறை எதற்கு உதவும் என்பது பாதி விளங்கிவிடும்.

ஓவனில் முழுக் கிழங்கைத் தோலோடு சுட்டால் அது உள்ளே மெதுவாகச் சூடேறும். நொதிக்குக் கொண்டாட்டம். தோல் வெடித்த இடத்தில் பாகு கசிந்து கருகி ஒட்டியிருப்பதே சாட்சி. இனிப்புப் பதார்த்தத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது; கார ஸ்டார்ட்டருக்கு இதைவிட மோசமான தொடக்கமும் கிடையாது. எவ்வளவு மிளகாய் தூவினாலும் அது மிட்டாய்மேல் தூவியதுபோலத்தான் இருக்கும்.

துண்டுகளாக்கிச் சுட்டால் நிலைமை தேவலை. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, எண்ணெய் புரட்டி, முன்பே நன்றாகக் காய்ந்த ஓவனில் 220 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். இடையில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இங்கே கெடுவது பெரும்பாலும் ட்ரேயை நெருக்கி நிரப்புவதால்தான். கிழங்கின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். அது ஆவியாகிப் போக இடம் இல்லாவிட்டால் துண்டுகள் தங்கள் ஆவியிலேயே வெந்து தொளதொளத்துப்போகும். இரண்டு ட்ரே கழுவச் சோம்பல்பட்டால் மொறுமொறுப்பை மறந்துவிடலாம். ஓவனுக்குச் சாதகமாக ஒன்று உண்டு: பத்துப் பேர் வந்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில் தயாராகும், அடுப்படியிலேயே நிற்க வேண்டியதில்லை.

ஏர் ஃப்ரையர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது காற்றாடி வைத்த சின்ன ஓவன், அவ்வளவுதான். 190 டிகிரியில் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு பேருக்குத்தான் வரும்.

பொரிப்பதில்தான் சிக்கல் அதிகம். உருளைக்கிழங்கைப் பொரிக்கும் சூட்டில் இதைப் போட்டால், சர்க்கரை அதிகம் என்பதால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும், கசப்பும் ஏறும். அதனால் இரண்டு கட்டமாகப் பொரிக்க வேண்டும். விரல் கனத்துக்கு நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் மேலே ஒட்டியிருக்கும் மாவு போய்விடும். துணியில் ஈரம் போக ஒற்றி, கால் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சோள மாவை (கார்ன்ஃப்ளார்) புரட்டி, முதலில் 160 டிகிரியில் மெத்தென்று வேகும்வரை, பிறகு சற்று ஆறவிட்டு 180 டிகிரியில் ஓரிரு நிமிடம். வாணலியிலிருந்து எடுத்த சூட்டில் இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மொறுமொறுப்புக்கு ஆயுசு குறைவு. உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளியே வந்து, பத்து நிமிடத்தில் துண்டுகள் துவண்டுவிடும். சாப்பிடுபவர்கள் ரெடியாக உட்கார்ந்திருந்தால் பொரிக்கலாம். பேச்சு நீளும் கூட்டம் என்றால் வேண்டாம்.

என் ஓட்டு தவாவுக்கு. காரணம் அந்த நொதிதான். முழுக் கிழங்கைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றக் கூடாது. அது ஓவனின் மெதுவான சூட்டை வேறு பாத்திரத்தில் செய்வது மாதிரி ஆகிவிடும். தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் வட்டங்களாக நறுக்கி, தளதளவென்று கொதிக்கும் உப்புத் தண்ணீரில் நேராகப் போடுங்கள். மெல்லிய துண்டு மளமளவென்று சூடேறி அந்த 75 டிகிரியைத் தாண்டிவிடும், இனிப்பு கூடுவதற்கு அவகாசம் கிடைக்காது. கொஞ்சம் சர்க்கரை தண்ணீரிலும் இறங்கிவிடும். உப்போ உள்ளே போகும், இது ஓவனில் நடக்காது. நான்கு நிமிடம் போதும்: கத்தி நுனி இறங்க வேண்டும், ஆனால் நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும்.

அப்புறம் வடித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வையுங்கள். ஆவி அடங்கி, மேல்பரப்பு பளபளப்பு போய் மாவு பூத்தாற்போல மங்கும். அதுவரை தவாவில் போடக் கூடாது. அவசரப்பட்டால் எண்ணெய் தெறிக்கும், துண்டும் ஒட்டிக்கொள்ளும். கனமான தவாவில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், மிதமான தீ. போட்டதைக் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் தானே விட்டு வரும், பக்கத்துக்கு நான்கு நிமிடம் ஆகலாம். மிளகாய்த்தூளை முதலிலேயே போட்டால் கருகி நெடி ஏறும். சீரகத்தூள், மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு மூன்றும் கடைசி ஒரு நிமிடத்தில் போட வேண்டியவை. இறக்கியதும் எலுமிச்சைச் சாறு. அதை விட்டுவிடாதீர்கள், மிச்சமிருக்கும் இனிப்பை அடக்குவது அந்தப் புளிப்புதான்.

இதன் குறை, கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஒரு தவாவில் பத்துப் பன்னிரண்டு வட்டம்தான் பிடிக்கும். ஆறு பேருக்கு மேல் என்றால், இப்படி வேகவைத்து ஆறவைத்த துண்டுகளையே ஓவனுக்கு மாற்றி 220 டிகிரியில் சிவக்கவிடுங்கள். பச்சையாகச் சுடுவதைவிட இது சீக்கிரம் முடியும், ருசியும் தவாவுக்குக் கிட்டே வரும். வேகவைக்கும் வேலையைக் காலையிலேயே முடித்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். பச்சைக் கிழங்கை மட்டும் அதில் வைக்காதீர்கள். குளிர் தாங்காமல், வெந்த பிறகும் நடுவில் கட்டை தட்டிக் கிடக்கும்.

மசித்துத் தட்டி வறுக்கும் கட்லெட் வகையும் இருக்கிறதே என்பீர்கள். அதற்கு எந்தக் கிழங்கு என்பதுதான் கேள்வி. உள்ளே ஆரஞ்சு நிறமாக இருப்பது பொதுவாக ஈரம் கூடியது. மசித்தால் களியாகி, ரொட்டித்தூளை அள்ளி அள்ளிப் போட வேண்டிவரும், கடைசியில் ரொட்டித்தூள்தான் ருசிக்கும். உள்ளே வெள்ளையாக இருக்கும் வகைகள் பெரும்பாலும் மாவுத்தன்மை உள்ளவை, அவை பிடித்தால் நிற்கும். வட்டமாக நறுக்கிச் செய்ய இரண்டுமே சரி. ஆரஞ்சு என்றால் ஒரு நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுங்கள்.

தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிரில் பூண்டும் உப்பும் கலந்தால் போதும். கடையில் வாங்கும் தக்காளி சாஸ் வேண்டாம். அதிலும் சர்க்கரைதான்.